டெய்லர் பாதிரியாரும் திருமுல்லைவாயில் வரலாறும்

நம் திருத்தலங்களின் பழஞ்செய்திகளைப் பேணி வைத்தோருள் நம் சமயத்தவரல்லாதாரும் சிலர் உளர். சென்னையில் வாழ்ந்த வில்லியம் டெய்லர் பாதிரியார் அவருள் ஒருவர். அவர் சைவத்தை அயலாராய் நின்று நோக்கியவர். ஆயினும் தொண்டைநாட்டுப் பழஞ்செய்தி ஒன்று இன்று ஆராய்தற்குக் கிடைத்திருப்பதற்கு அவருழைப்பும் காரணமாதலின், அதனை நினைந்து பார்த்தல் நம் கடனாம்.

கர்னல் மெக்கன்சி என்பார் தம் உதவியாளரை ஊர்தோறும் விடுத்துச் சுவடிகளையும் செவிவழிச் செய்திகளையும் தொகுப்பித்தனர். அவர் 1821இல் மறைந்தபின், தென்னாட்டுச் சுவடிகள் சென்னை வந்தடைந்தன. காகிதத்தில் எழுதியவை பல மை மங்கியும் பூச்சியரித்தும் கிடந்தன. டெய்லர் அவற்றைப் படித்தாராய்ந்து, தம் முடிபுகளை வங்காள ஆசியக் கழகத்து இதழில் 1838 முதல் வெளியிட்டார். அழியும் நிலையிலிருந்தவற்றைப் புதிதாகப் படியெடுப்பித்தார். பின்னர் 1857, 1860, 1862ஆம் ஆண்டுகளில் சுவடி விளக்க அட்டவணையை மூன்று தொகுதிகளாக அச்சேற்றினார். ராட்லர் பாதிரியார் தொடங்கிய தமிழ் அகராதியை அவர் மறைவுக்குப்பின் வேங்கடாசல முதலியாருடன் நிறைவேற்றியவரும் இவரே.

அச்சுவடிகளுள் தொண்டைமண்டலத்துக் குறும்பரைப் பற்றியதொன்று உண்டு. குறும்பர் இருபத்து நான்கு கோட்டங்களில் அரண் அமைத்துப் புழலைத் தலைமையிடமாகக் கொண்டு ஆண்டனர் என்றும், குலோத்துங்க சோழன் மகனாகிய ஆதொண்டன் முதற்போரில் தோற்று, சிவபெருமான் கனவில் தோன்றி அருளியபின் அவரை வென்றான் என்றும் அது கூறும். திருமுல்லைவாயில் தலவரலாறும் இதனோடு தொடர்புடையது. அரசனது யானையை முல்லைக்கொடி பிணிக்க, அவன் வாளால் வெட்டினானாக, ஆண்டு வெளிப்பட்ட திருமேனியே மாசிலாமணியீசர் என்பர். திருமேனி சந்தனக்காப்புடன் விளங்குதலும், சந்நிதியில் எருக்கந்தூண்கள் நிற்றலும் இன்றும் காணலாம்.

இச்செய்தியை அப்படியே கொள்ளலாமோ? முதற் குலோத்துங்கன் அரியணை ஏறியது 1070இல். ஆனால், சங்கிலியாரைப் பிரிந்து ஒற்றியூர் எல்லையைக் கடந்தமையால் கண்ணிழந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள், திருமுல்லைவாயில் அடைந்து பாடிய பதிகத்திலேயே தொண்டைமானது களிற்றை முல்லைக்கொடி பிணித்த செய்தி உளது. சுவாமிகள் பல்லவர் காலத்தவர். ஆகவே, சுவடி கூறும் அரசமுறை பிற்காலத்துக் கூட்டேயாம்; அருட்செய்தியோ குலோத்துங்கனுக்குப் பன்னெடுங்காலம் முற்பட்டது. சுவடியின் பிழையை நம் திருமுறையே திருத்துகின்றது.

டெய்லருக்கும் குறையுண்டு. 1835இல் பாண்டியர், மதுரை நாயக்கர் வரலாறுகளைத் தமிழ் மூலத்தோடு மொழிபெயர்த்து வெளியிட்ட ஞான்று, நம் புராணக் காலத்தை விவிலியக் காலக்கணக்கோடு பொருத்த முயன்றார். அவர் கருத்துகள் பல இன்று நில்லா. ஆயினும் தாம் உடன்படாத சுவடியையும் அழியவிடாது காத்தமையின், அவரை மறுத்தற்கு வேண்டும் கருவியையும் அவரே நமக்குத் தந்தாராயினர்.

தமக்குரியதல்லாத செல்வத்தை அயலார் ஒருவர் இவ்வாறு பேணினாராக, நம் இல்லங்களிலும் மடங்களிலும் செல்லரித்துக் கிடக்கும் ஏடுகளுக்கு நாம் யாது விடை சொல்வோம்? ஆராய்தல் பின்னர் ஆகுக. அழியாமற் காத்தலே முதற்றொண்டு என்பதனை அன்பர்கள் உளங்கொள்வாராக.