விழிப்புக் கவனம்: இலவச இணையவழிப் பயிற்சியில் சேருமுன் அறிய வேண்டியவை

விழிப்புக் கவனம் என்பது யாது?

இக்கணத்தில் உடலிலும் மனத்திலும் எழுவனவற்றை, நல்லது கெட்டது எனத் தீர்ப்பிடாமல் கவனித்தல் விழிப்புக் கவனம் ஆகும். மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பெயரிலும் இது அறியப்படுகிறது. மனத்தை வெறுமையாக்குவது இதன் நோக்கமன்று. எண்ணங்கள் அலைவது இயல்பு. அலைந்ததை உணர்ந்து, கவனத்தை மீண்டும் மூச்சிற்குக் கொண்டுவருவதே பயிற்சி.

தோற்றம்

இதன் வேர்கள் பௌத்த தியான மரபில் உள்ளன. 1979-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் இதனைச் சமயச் சார்பற்ற பயிற்சியாக நோயாளிகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். இன்று பரவலாக உள்ள 8 வாரப் பாடத்திட்டம் அதிலிருந்து உருவானது. பலூஸ் மைண்ட்ஃபுல்னெஸ் என்ற கட்டணமில்லா இணையவழிப் பயிற்சியும் இவ்வமைப்பையே பின்பற்றுகிறது.

பயிற்சியில் என்ன கற்பிக்கப்படும்?

• உடலின் ஒவ்வொரு பகுதியையும் வரிசையாகக் கவனித்தல்
• அமர்ந்து மூச்சைக் கவனித்தல்
• மென்மையான யோகாசனங்கள்
• உண்ணுதல், நடத்தல் முதலிய அன்றாடச் செயல்களை முழுக் கவனத்துடன் செய்தல்

பணம் தேவையில்லை எனினும் நேரம் தேவை. நாள்தோறும் ஏறத்தாழ அரை மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். இயலாதவர்கள் 5 நிமிடங்களில் தொடங்கலாம். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, பாதங்களைத் தரையில் பதித்து, மூச்சு உள்ளே வருவதையும் வெளியே செல்வதையும் கவனியுங்கள். மூச்சை அடக்கவோ ஆழப்படுத்தவோ வேண்டாம்.

பயன்கள் எவை?

மனஅழுத்தம், பதற்றம், மனச்சோர்வின் அறிகுறிகள், நாட்பட்ட வலியால் உண்டாகும் துன்பம் ஆகியன ஓரளவு குறையலாம். எனினும் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு போன்ற நோய்களுக்கு இது மாற்றுச் சிகிச்சை ஆகாது. எந்நோயையும் குணப்படுத்துவதாக உறுதியளிக்கும் பயிற்சிகளையும், இலவசம் என்று கூறி வங்கி அட்டை விவரம் கேட்பவற்றையும் தவிர்த்தல் நலம்.

யார் முதலில் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்?

நேரடி வகுப்பில் ஆசிரியர் உங்கள் முகவாட்டத்தைக் கண்டு நிறுத்துவார். பதிவு செய்யப்பட்ட குரலால் அது இயலாது. எனவே பின்வருவோர் தாமாகத் தொடங்குதல் கூடாது:

• மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு உள்ளவர்கள்
• வன்முறை, விபத்து, இழப்பு ஆகியவற்றின் கொடிய நினைவுகளால் அவதியுறுவோர்
• தற்கொலை எண்ணம் உள்ளவர்கள்

பயிற்சியின்போது அச்சமோ பழைய நினைவுகளோ பெருகினால் பொறுத்துக்கொண்டு தொடர வேண்டாம். கண்களைத் திறந்து, சுற்றியுள்ள 5 பொருள்களின் பெயர்களைச் சொல்லி, எழுந்து சிறிது நடந்து வாருங்கள். மறுபடியும் அவ்வாறே நேர்ந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அணுகுங்கள்.

மருந்துகளை நிறுத்தலாமா?

கூடாது. சில வாரப் பயிற்சிக்குப் பின் மனம் இலேசாகும்போது, மாத்திரை இனித் தேவையில்லை எனத் தோன்றக்கூடும். மனச்சோர்வு மருந்தைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், உறக்கமின்மை, எரிச்சல் ஆகியன ஏற்படலாம், நோயும் திரும்பலாம். அளவைக் குறைப்பது மருத்துவரின் முடிவாகவே இருத்தல் வேண்டும். பயிற்சி செய்வதை அவரிடம் தெரிவியுங்கள். மருந்தும் பயிற்சியும் ஒருங்கே தொடரலாம்.

எப்போது உதவி நாட வேண்டும்?

சோர்வு, ஆர்வமின்மை, உறக்கக் குறைவு ஆகியன 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால், பயிற்சியின் முடிவுக்காகக் காத்திராமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகுங்கள். வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் உங்களுக்கோ உங்கள் குடும்பத்தினருக்கோ எழுந்தால் உடனடியாக டெலி-மானஸ் உதவி எண் 14416-ஐ அழையுங்கள். இச்சேவை 24 மணி நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கும், தமிழிலும் பேசலாம்.