நள்ளிரவில் 'டமார்'... வீட்டுத் தரை டைல்ஸ் தானாக எழும்புவது ஏன்? என்ன செய்ய வேண்டும்?

நள்ளிரவில் 'டமார்' என்று சத்தம். சிலிண்டரா, நிலநடுக்கமா என்று பதறிப்போய் லைட்டைப் போட்டால், ஹால் நடுவே இரண்டு டைல்ஸ் கூடாரம் போல எழும்பி நிற்கிறது. பயப்பட வேண்டாம், வீடு இடியவில்லை. ஆனால் அப்படியே விட்டுவிடவும் கூடாது.

சேலம், நாமக்கல் பக்கம் சிவப்பு ஆக்சைடு தரையும் கடப்பா கல்லும் இருந்த இடத்தில் இப்போது 2-க்கு 2 அடி விட்ரிஃபைட் டைல்ஸ்தான். கூடவே இந்தப் பிரச்னையும் வந்திருக்கிறது.

வெயில்தான் காரணமா?

பாதி உண்மைதான். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. ஆனால் சிங்கப்பூரில் 2018 ஜனவரியில் குளிர் அடித்தபோது அடுக்குமாடி வீடுகளில் டைல்ஸ் பெயர்ந்து எழும்பியது. அதாவது வெயில், குளிர் இரண்டுமே கடைசித் தள்ளு மட்டும்தான்.

உண்மையில் நடப்பது இதுதான். கான்கிரீட்டும் சிமெண்ட் கலவையும் காயக் காய, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். 20 அடி ஹாலில் இது 2 மி.மீ. கூட வரலாம். மேலே இருக்கும் டைல்ஸ் சுருங்காது. அதோடு, சூடு ஏறி இறங்கும்போது கான்கிரீட் டைல்ஸைவிட அதிகமாக விரிந்து சுருங்கும். இடைவெளி இல்லாவிட்டால் டைல்ஸ் ஒன்றையொன்று நெருக்கும். பிடிமானம் குறைவான இடத்தில் மேலே எகிறும். வீடு கட்டி பல வருடம் கழித்து வெடிப்பதும் இதனால்தான்.

"கேப்பே தெரியக்கூடாது மேஸ்திரி" என்று நாம்தான் கேட்கிறோம். அழகாத்தான் இருக்கும்! ஆனால் சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

அடுத்தது சிமெண்ட் பால். விட்ரிஃபைட் டைல்ஸ் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தண்ணீர் உறிஞ்சும். அதனால் வெறும் சிமெண்ட் பால் அதைக் கெட்டியாகப் பிடிக்காது.

உடனே செய்ய வேண்டியது

குழந்தைகளை, வயதானவர்களை அந்தப் பக்கம் விடாதீங்க. உடைந்த ஓரம் கத்தி மாதிரி இருக்கும். சுத்தியலால் தட்டி உள்ளே அமுக்கவே கூடாது, பக்கத்து வரிசையும் கிளம்பிவிடும். ஒரு நாணயத்தால் சுற்றியுள்ள டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். பொக்கு சத்தம் வரும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் குறித்து வையுங்கள். மேஸ்திரி வந்ததும் காட்டலாம்.

தரை எழும்பாமல் கீழே இறங்கியிருந்தால் கதை வேறு. அது அடியில் மண் சரியாக இறுகாததன் அறிகுறி. சுவரிலும் விரிசல் ஓடினால் மேஸ்திரி போதாது, சிவில் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

சரிசெய்வது எப்படி?

எழும்பியதை எடுத்துவிட்டு அதே சிமெண்ட் பாலை ஊற்றி ஒட்டினால் மறுபடியும் கிளம்பும். பழைய கலவையைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஐ.எஸ். 15477 முத்திரை உள்ள டைல்ஸ் பசையை அடி முழுக்கப் பரப்பி ஒட்ட வேண்டும். நாலு மூலையில் மட்டும் உருண்டை வைத்து ஒட்டினால் போதாது. டைல்ஸ்களுக்கு நடுவே ஸ்பேசர் வைத்து 2 முதல் 3 மி.மீ., சுவரோரம் 5 மி.மீ.க்குக் குறையாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். சுவரோர இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும், அதில் சிமெண்ட் அடைக்கக் கூடாது. மரத் தரை போடுபவர்களுக்கும் சுவரோர இடைவெளி அவசியம். மரம் ஈரத்தில் உப்பும் என்பதால் 10 மி.மீ. வரை தேவைப்படும்.

புது வீடு கட்டுபவர்கள் ஒரு பெட்டி டைல்ஸை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில வருடம் கழித்துக் கடைக்குப் போனால் அதே டிசைன், அதே நிறம் கிடைப்பது ரொம்பக் கஷ்டம்.