கொழும்பு இலகு ரயில்: திட்டமிட்ட அமைச்சும் இல்லை, ரயிலும் இல்லை

காலை ஏழு மணிக்கு மாலபேயில் பஸ் ஏறி கோட்டைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பாதையின் நெரிசலைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. பத்தரமுல்ல, ராஜகிரிய, பொரளை என்று சந்திக்குச் சந்தி வாகனங்கள் நிற்கும். இந்தப் பாதைக்குத்தான் இலகு ரயில் ஒன்று வரவிருந்தது. அது ஏன் வரவில்லை என்பதைச் சுருக்கமாகத் தருகிறோம்.

இலகு ரயில் என்பது என்ன?

வழமையான ரயிலைவிடச் சிறிய, எடை குறைந்த பெட்டிகள் மின்சாரத்தில் ஓடும் நகரப் போக்குவரத்து இது. நிலையங்கள் அருகருகே இருக்கும். சில நிமிடங்களுக்கு ஒரு ரயில் வரும். கொழும்பில் தூண்கள் மீது பாதை அமைக்கத் திட்டமிடப்பட்டதால், கீழே வீதியில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் ரயில் தாமதிக்காது.

பொறுப்பு யாரிடம் இருந்தது?

2015 ஆட்சி மாற்றத்தின் பின்னர் அமைக்கப்பட்ட பெருநகர மற்றும் மேல் மாகாண அபிவிருத்தி அமைச்சிடம் இப்பணி ஒப்படைக்கப்பட்டது. பாட்டலி சம்பிக்க ரணவக்க அதன் அமைச்சராக இருந்தார். கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் ஏழு இலகு ரயில் பாதைகளை அந்த அமைச்சின் போக்குவரத்துத் திட்டம் முன்மொழிந்தது. மாலபே முதல் கோட்டை வரை சுமார் 16 கிலோமீற்றர் நீளமும் 16 நிலையங்களும் கொண்ட பாதை முதலில் தெரிவானது.

இதற்காக ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்துடன் 2019 மார்ச்சில் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. முதற்கட்டத் தொகை சுமார் 3,000 கோடி யென். வட்டி 0.1 சதவீதம். திருப்பிச் செலுத்த 40 ஆண்டுகள். அதில் முதல் 12 ஆண்டுகள் சலுகைக் காலம்.

நிறுத்தப்பட்டது எப்படி?

2019 நவம்பரில் ஆட்சி மாறியது. திட்டத்தை வகுத்த அமைச்சு அந்தப் பெயரில் தொடரவில்லை. 2020 செப்டம்பரில் திட்டத்தை நிறுத்தி அதன் அலுவலகத்தையும் மூடுமாறு அன்றைய ஜனாதிபதியின் செயலாளர் போக்குவரத்து அமைச்சின் செயலாளருக்குக் கடிதம் அனுப்பினார். சுமார் 150 கோடி டொலர் செலவாகும், கொழும்புக்கு இது பொருத்தமான தீர்வல்ல என்பதே சொல்லப்பட்ட காரணம்.

இந்த வாதத்தை நாம் ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. பயணிகள் கட்டணத்தை ரூபாயில் தருவார்கள். கடனையோ வெளிநாட்டு நாணயத்தில் கட்ட வேண்டும். 2022 ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாமல் நின்றதை நாம் கண்டோம். ஆனால் இந்தக் கணக்கைக் கையெழுத்திடும் முன்னரே பார்த்திருக்க வேண்டும். கையெழுத்திட்ட பின் ஒரு கடிதத்தால் நிறுத்தியதில், ஆய்வுக்கும் வடிவமைப்புக்கும் செலவிட்ட பணமும் உழைப்பும் பயனற்றுப் போயின. ஜப்பானுடனான உறவிலும் கசப்பு ஏற்பட்டது. 2022 செப்டம்பரில் டோக்கியோ சென்ற ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க இதற்காக வருத்தம் தெரிவித்தார்.

மற்ற நாடுகளில்

சிங்கப்பூரில் 1995இல் தரைப் போக்குவரத்து ஆணையம் உருவாக்கப்பட்டது. வீதி, ரயில், இலகு ரயில் யாவற்றையும் திட்டமிடுவது அந்த ஒரே அமைப்புத்தான். புக்கிட் பாஞ்சாங் இலகு ரயில் 1999இல் ஓடத் தொடங்கியது. கோலாலம்பூரில் இரண்டு இலகு ரயில் பாதைகளைத் தனியார் நிறுவனங்கள் அமைத்தன. அவை கடனில் மூழ்கியபோது, 1998இல் அரசு அமைத்த பிரசரானா நிறுவனம் 2002இல் அவற்றைப் பொறுப்பேற்றது. சேவை நிற்கவில்லை. அங்கும் தவறுகள் நடந்தன. ஆனால் அவற்றைச் சுமந்து திருத்த நிலையான ஓர் அமைப்பு இருந்தது. நமது நாட்டில் அமைச்சு போனதும் திட்டமும் போயிற்று.

நாம் கேட்க வேண்டியவை

நாளை வேறொரு ரயில் திட்டம் அறிவிக்கப்படலாம். அப்போது படத்தையும் திறப்பு விழாத் திகதியையும் மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. ஆட்சி மாறினாலும் நிலைக்கும் சட்டபூர்வமான அமைப்பு ஒன்று இதற்குப் பொறுப்பா? வீடும் கடையும் இழப்போருக்கு எப்போது, எவ்வளவு நட்டஈடு? பஸ் கட்டணத்தோடு ஒப்பிட்டால் ஒரு மாணவியின் மாதச் செலவு என்ன ஆகும்? இடையில் நிறுத்தினால் இழப்பு யார் தலையில் விழும்?

பொதுப் பணம் ஓர் அமானிதம். மாலபே பாதையில் இன்றும் பஸ்ஸில் நின்றபடி போகும் நமது பிள்ளைகளுக்காகவாவது இக்கேள்விகளை நாம் முன்கூட்டியே கேட்போம்.