நாடாவிலிருந்து வட்டுக்கு: வெம்பக்கோட்டை வட்டார இல்லக் காணொளிகளும் கூட்டுப்பதிவுக் கருவிகளின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

1980களின் நடுப்பகுதி முதல் 2000களின் முற்பகுதி வரை தமிழகச் சிற்றூர்களின் குடும்ப நிகழ்வுகள் பெரும்பாலும் வி.எச்.எஸ். காந்த நாடாக்களில் பதிவாயின. நாடா இயக்கியும் டிவிடி பதிவியும் ஒரே பெட்டியில் அமைந்த கூட்டுப்பதிவுக் கருவி, இந்நாடாக்களை வட்டுக்கு மாற்றும் எளிய வழியாக விளங்கியது. இக்கருவியின் தோற்றத்தையும் முடிவையும் தொழில்நுட்ப வரம்புகளையும், பட்டாசுத் தொழில் சார்ந்த வெம்பக்கோட்டை வட்டாரத்தின் சூழலில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. வட்டு நகல் பார்வைக்குரியதே. மூல நாடாவுக்கு மாற்றாகாது என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: வெம்பக்கோட்டை, இல்லக் காணொளி, காந்த நாடா, டிவிடி, கூட்டுப்பதிவுக் கருவி, ஆவணப் பாதுகாப்பு.

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தில் வைப்பாற்றங்கரையில் அமைந்த வெம்பக்கோட்டை இன்று இரண்டு காரணங்களால் அறியப்படுகிறது. ஒன்று, சிவகாசியைச் சூழ்ந்த பட்டாசுத் தொழில். மற்றொன்று, விஜயகரிசல்குளம் மேட்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டு முதல் மேற்கொண்ட அகழாய்வு. சங்கு வளையல்கள், மணிகள், சுடுமண் உருவங்கள், தங்க அணிகலன்கள் என அங்குக் கிடைத்தவை எண்ணிடப்பட்டு, அடுக்கும் ஆழமும் குறிக்கப்பட்டுப் பாதுகாக்கப்படுகின்றன. பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட வாழ்வைப் பற்றிய சான்றுகளுக்கு இத்தகைய ஏற்பாடு உண்டு. அதே ஊர்களின் முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட வாழ்வைக் காட்டும் அசையும் படங்களோ வீட்டுப் பரண்களில் எவ்வகைப் பட்டியலும் இன்றிக் கிடக்கின்றன. இந்த முரணே இவ்வாய்வின் தொடக்கப்புள்ளியாகும்.

வட்டாரமும் காணொளியின் வருகையும்

1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதன்பின் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தன. மானாவாரி வேளாண்மையை நம்பியிருந்த கரிசல் நிலச் சிற்றூர்களுக்குக் கூலிப் பணம் வாரந்தோறும் வரத் தொடங்கியது. இம்மாற்றத்தைக் கூலிப் பதிவேடுகளும் அரசு அறிக்கைகளும் எண்களாகக் காட்டுகின்றன. அப்பணம் வாழ்வில் எவ்வடிவம் பெற்றது என்பதை அவை காட்டுவதில்லை.

ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் வி.எச்.எஸ். முறையை 1976இல் அறிமுகப்படுத்தியது. 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி பரவியபோது, வி.சி.ஆர். கருவியும் உடன் வந்தது. தமிழகத்தில் அது ‘டெக்’ என்றே வழங்கப்பட்டது. ஊர்ப்புறங்களில் அதை வாடகைக்கு எடுத்து விடிய விடியத் திரைப்படம் பார்ப்பது வழக்கமாயிற்று. அடுத்த கட்டமாக, தோளில் தாங்கும் கேமராவுடன் ஒளிப்படக் கலைஞர்கள் வீடியோ எடுக்கும் தொழிலில் இறங்கினர். திருமணம், காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கோயில் கொடை ஆகியவை நாடாவில் ஏறின.

சமூக வரலாற்றுக்கு இவை தரும் சான்றுகள் பலவகை. மணமேடையில் வரிசையாக வந்து நிற்கும் உறவினர் கூட்டம், உறவுமுறையின் பரப்பைக் காட்டுகிறது. மொய் எழுதும் மேசை, பந்தியில் பரிமாறப்படும் உணவு, சீர்வரிசைத் தட்டுகள் ஆகியவை பொருளியல் நிலையை உணர்த்துகின்றன. ஓட்டு வீடு காரை வீடாக மாறியதும், மண் தெருவில் மின்கம்பம் வந்ததும் படத்தின் பின்புலத்தில் தற்செயலாகப் பதிந்துள்ளன. எடுத்தவர் கருதாத இப்பின்புலமே ஆய்வாளர்க்கு மிகுந்த பயன் தருவது.

பட்டாசுத் தொழில் வட்டாரத்தில் இந்நாடாக்களுக்கு இன்னொரு பொருளும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மற்றொரு பெரும் விபத்து நிகழ்ந்தது. இத்தகைய விபத்துகளில் மாண்டோர் நாளிதழ்களில் எண்ணிக்கையாகவோ சிறு ஒளிப்படமாகவோ இடம்பெறுகின்றனர். கைப்பேசிக் கேமரா பரவுவதற்கு முன் வாழ்ந்த ஒரு தொழிலாளி நடப்பதும் சிரிப்பதும் பேசுவதும் எங்கேனும் பதிவாகியிருக்குமானால், அது பெரும்பாலும் ஒரு திருமண நாடாவாகவே இருக்கும். அந்நாடா அழிந்தால், அவரை அசைவோடு காட்டும் சான்று வேறில்லை.

நாடாவின் இயல்பும் கரிசல் நிலச் சூழலும்

வி.எச்.எஸ். நாடா 12.65 மில்லிமீட்டர் அகலமுள்ள பாலியெஸ்டர்ப் பட்டை. அதன்மேல் காந்தத் துகள்கள் ஒரு பிணைப்புப் பசையால் ஒட்டப்பட்டுள்ளன. இந்தியாவில் வழங்கிய பால் முறையில், நிமிடத்திற்கு 1500 முறை சுழலும் உருளையிலுள்ள தலைகள் நாடாவைச் சாய்வாகத் தொட்டுப் படத்தை எழுதுகின்றன, படிக்கின்றன. ஒரு தடத்தின் அகலம் ஏறத்தாழ 49 மைக்ரான் மட்டுமே. கரிசல் மண்ணின் நுண்தூசி தலையில் படிந்தாலே படம் மறைந்துவிடும்.

ஈரப்பதம் பிணைப்புப் பசையைச் சிதைக்கிறது; பூஞ்சையை வளர்க்கிறது. வெப்பம் இச்சிதைவை விரைவுபடுத்துவதோடு நாடாவின் வடிவையும் கெடுக்கிறது. சிவகாசி வட்டாரத்தின் மழைக்குறைந்த வறண்ட தட்பவெப்பம் தீப்பெட்டித் தொழிலுக்கு ஏற்றதாயிருந்தது. கடலோர நகரங்களோடு ஒப்பிட, நாடாவுக்கும் இவ்வறட்சி ஓரளவு துணையே. ஆயினும் கோடையில் காரைக் கூரையை ஒட்டிய பரணின் வெப்பமும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திடீரென உயரும் ஈரப்பதமும் அந்நன்மையைக் குறைக்கின்றன.

கூட்டுப்பதிவுக் கருவியின் எழுச்சியும் முடிவும்

நாடாவிலிருந்து வட்டுக்கு மாறும் முதல் முயற்சி வி.சி.டி. வழியே நிகழ்ந்தது. அதன் படம் 352×288 புள்ளிகள் கொண்டது. ஒரு வட்டில் 74 நிமிடங்களே அடங்கும். மலிவு கருதிப் பலர் இதை ஏற்றனர். 2000களில் நாடா இயக்கியும் டிவிடி பதிவியும் இணைந்த கருவிகள் உலகச் சந்தைக்கு வந்தன; மக்கள் வழக்கில் இவை ‘காம்போ’ எனப்பட்டன. ஒருபுறம் நாடாவையும் மறுபுறம் வெற்று வட்டையும் இட்டுப் பொத்தானை அழுத்தினால் நகல் ஆகிவிடும். கணினி அறிவும் தனி இணைப்புக் கம்பிகளும் தேவைப்படாத இவ்வெளிமையே அதன் சிறப்பு.

இக்காலம் நீடிக்கவில்லை. ஜேவிசி நிறுவனமே தனித்த வி.எச்.எஸ். கருவிகளின் உற்பத்தியை 2008இல் நிறுத்தியது. இறுதிவரை உற்பத்தியில் இருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம், உதிரிபாகங்கள் கிடைக்காமையைச் சுட்டி 2016 ஜூலையில் நிறுத்தியது. ஒருகாலத்தில் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிக் கருவிகள் விற்ற அந்நிறுவனம், 2015இல் விற்றவை ஏறத்தாழ ஏழரை இலட்சம். இன்று இயங்கும் ஒவ்வொரு கருவியும் தேய்ந்துவரும் பழைய கருவியே. நாடா நலமாக இருந்தும் அதைப் படிக்கக் கருவி இல்லாத நிலை உருவாகி வருகிறது. ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம் 2015இலேயே 2025ஐ எல்லையாகக் குறித்து எச்சரித்தது. யுனெஸ்கோவும் 2019இல் காந்த நாடா எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கியது.

கூட்டுக்கருவியின் வரம்புகள்

கூட்டுக்கருவி படத்தை எம்பெக்-2 முறையில் சுருக்கி எழுதுகிறது. சுருக்கத்தில் நீங்கிய விவரம் மீளாது. 4.7 ஜிகாபைட் வட்டில் இயல்பான தரத்தில் இரண்டு மணிநேரம் அடங்கும். திருமண நாடாவோ மூன்று மணிநேரம் கொண்ட ஈ-180 ஆக இருப்பதுண்டு. அதனை ஒரே வட்டில் அடக்க நான்கு மணிநேர முறையைத் தேர்ந்தால், பெரும்பாலான கருவிகளில் படத்தின் கிடைமட்ட நுண்மை பாதியாகக் குறையும். பந்தியில் அமர்ந்தோரின் முகம் அடையாளம் காணத்தக்கதா என்பதை இத்தேர்வே முடிவு செய்கிறது.

பழுதுற்ற நாடாவின் ஒத்திசைவுக் குறிகை தடுமாறும்போது, சில கருவிகள் அதை நகல்தடைக் குறியீடு எனப் பிழையாகக் கொண்டு பதிவை நிறுத்திவிடும். பதிவுக்குப் பின் வட்டை இறுதிப்படுத்தாவிடில் வேறு இயக்கியில் அது ஓடாது. வட்டில் எழுதப்படுவது கரிமச் சாயப் படலத்தில் என்பதால், ஒளியும் வெப்பமும் அதையும் கெடுக்கும். எனவே நாடாவை விட வட்டு நெடுநாள் வாழும் என்ற நம்பிக்கைக்கு உறுதியான அடிப்படை இல்லை.

ஒலி குறித்தும் ஒரு சிக்கல் உண்டு. ‘மிக்சிங்’ என வழங்கிய தொகுப்பு முறையில், நிகழ்விடத்துப் பேச்சை நீக்கித் திரைப்படப் பாடல்களைச் சேர்ப்பது பரவலாக இருந்தது. வி.எச்.எஸ். நாடாவின் ஓரத்தில் நேர்கோட்டு ஒலித்தடம் உண்டு. ஹைஃபை வகையில் படத்தோடு சாய்வாக எழுதப்படும் ஒலித்தடம் தனியே உண்டு. முன்னதைப் படத்தைத் தொடாமல் அழித்து எழுதலாம். பின்னதை அவ்வாறு எழுத இயலாது. ஆகவே ஹைஃபை கேமராவில் எடுத்த மூல நாடா எஞ்சியிருந்து, அதன் ஓரத்தடத்தில் மட்டும் பாடல் ஏற்றப்பட்டிருந்தால், அக்கால உறவினரின் பேச்சை இன்றும் மீட்கலாம். வட்டு நகல் ஒன்றை மட்டும் வைத்திருப்பவர்க்கு இவ்வாய்ப்பு இல்லை.

அகழாய்வு தரும் பாடம்

விஜயகரிசல்குளத்தில் கிடைத்த ஒரு சங்கு வளையல் துண்டு, எந்தக் குழியில் எந்த ஆழத்தில் எவற்றோடு கிடைத்தது என்ற குறிப்பால்தான் வரலாற்றுச் சான்றாகிறது. நாடாவுக்கும் இது பொருந்தும். உறையின் முதுகில் எழுதிய பெயர், தேதி, ஸ்டூடியோவின் முத்திரை, உள்ளே வைத்த அழைப்பிதழ் ஆகியவை அதன் சூழல். வட்டுக்கு மாற்றியபின் நாடாவை உறையோடு எறியும்போது இச்சூழல் அழிகிறது. படத்திலுள்ளோரைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் முதியோரும் குறைந்து வருகின்றனர். ஆதலின் எண்ணிமமாக்கும் பணியும் வாய்மொழிக் குறிப்பெடுப்பும் ஒருங்கே நிகழவேண்டும்.

ஒலி, காணொளிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐ.ஏ.எஸ்.ஏ., காணொளிப் பாதுகாப்பிற்கெனத் தனி வழிகாட்டி வெளியிட்டுள்ளது. தரம் இழக்காத எஃப்.எஃப்.வி.1 போன்ற குறிமுறைகளை அது விளக்குகிறது. இவற்றுக்கான மென்பொருள்கள் கட்டணமின்றிக் கிடைப்பதால், ஒரு கல்லூரித் துறையும் இப்பணியை மேற்கொள்ள இயலும். 1994இல் சென்னையில் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஒரு தனிமனிதரின் சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டது. 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகத் திட்டம் நூல்களோடு பல்லூடகங்களையும் தொகுக்கிறது. வீட்டுச் சேகரிப்பு பொது ஆவணமாகும் என்பதற்கு இவை முன்மாதிரிகள். எனினும் பூப்புனித நீராட்டு போன்ற குடும்பச் சடங்குகளைப் பொதுவில் வைக்குமுன், உரியோரின் இசைவும் பார்வை வரையறையும் இன்றியமையாதவை.

முடிவுரை

கூட்டுப்பதிவுக் கருவி, ஆவணக் காப்பகம் எட்டாத வீடுகளுக்கு நகலெடுக்கும் ஆற்றலை அளித்தது. அவ்வகையில் அதன் பங்கு பெரிது. ஆனால் அது தந்தது பார்வைக்கான நகலே. அந்நகலை முழுமையான பாதுகாப்பு எனக் கருதி மூல நாடாவைக் கைவிட்டது, இழப்பின் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகிறது. இயங்கும் கருவிகள் எஞ்சியுள்ள இக்குறுகிய காலத்தில் நாடாக்களைக் கண்டறிதல், நிமிர்த்தி வைத்து வெப்பமும் ஈரமும் தூசியும் அண்டாமல் காத்தல், தரம் இழக்காத முறையில் எண்ணிமமாக்குதல், சூழல் குறிப்புகளைப் பதிதல் ஆகியவை வட்டாரக் கல்வி நிறுவனங்களின் உடனடிக் கடமைகளாகின்றன. வைப்பாற்றங்கரையின் தொல்பழங்காலத்தை மண்ணிலிருந்து மீட்க இயன்றது. காந்தப் பூச்சு உதிர்ந்த நாடாவிலிருந்து அதன் அண்மைக்காலத்தை எந்த அகழாய்வும் மீட்டுத் தர இயலாது.