வெண்ணெய் யார் தட்டில் விழுந்தது?



பொங்கலையொட்டி நம் கிளப் ஹவுஸில் நடந்த பாட்லக் விருந்து உங்களுக்கு நினைவிருக்கும். பதினைந்துக்கு மேற்பட்ட பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் முதலில் காலியானது என் மருமகள் கொண்டுவந்த பாத்திரம். குட்டி உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, புதினாவும் பூண்டும் கலந்த வெண்ணெயில் புரட்டி எடுத்தது. அவ்வளவுதான். பி பிளாக் நண்பர் ஒருவர் மூன்றாவது முறை எடுத்துக்கொண்டே, "இதில் என்ன சார் இருக்கிறது? வெறும் கிழங்கும் வெண்ணெயும்தானே" என்றார்.

மருமகள் இதைக் கற்றுக்கொண்டது அயர்லாந்தில். இரண்டு ஆண்டுகள் டப்ளினில் வேலை பார்த்தவள். அவள் சொன்ன சில செய்திகளைக் கேட்டபின் நானும் அந்த நாட்டின் வரலாற்றைக் கொஞ்சம் படித்தேன். அந்த வெறும் கிழங்கும் வெறும் வெண்ணெயும் ஏழையின் தட்டில் ஒன்றாகச் சேர்வதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதை உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் கிழங்கைப் பார்ப்போம். புது உருளைக்கிழங்கு என்பது முழுதாக முற்றுவதற்கு முன்பே தோண்டி எடுப்பது. தோல் மெல்லியதாக இருக்கும். கட்டைவிரலால் தேய்த்தாலே உரிந்துவிடும். அதில் உள்ள சர்க்கரை முழுதும் மாவாக மாறியிருக்காது. ஆகையால் லேசாக இனிக்கும், வேகவைத்தால் உடையாது. நம் கடைகளில் பையில் கட்டி விற்கும் குட்டிக் கிழங்கு எல்லாமே புதுக்கிழங்கு என்று நினைக்க வேண்டாம். சிறியது வேறு, புதியது வேறு. வாங்கும்போது விரலால் தேய்த்துப் பாருங்கள்.

உருளைக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தனர். நமக்கு அது வந்த வழியும் ஐரோப்பியர் மூலம்தான். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் ஊட்டியில் பயிரிடத் தொடங்கினார். ஆனால் நமக்கு அது ஒரு காய்கறி. அரிசி இருக்கிறது, கேழ்வரகு இருக்கிறது, கூடவே கிழங்கும் இருக்கிறது. அயர்லாந்து ஏழைக்கு அப்படியல்ல. 1840களில் சுமார் 30 லட்சம் பேருக்குக் கிழங்குதான் சோறு, கிழங்குதான் பலகாரம். உழைக்கும் ஆண் ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு கிலோ வரை சாப்பிட்டார் என்றால் நம்ப முடிகிறதா? காரணம் நிலம்தான். குத்தகைக்குக் கிடைத்த துண்டு நிலத்தில் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பக்கூடிய பயிர் வேறு எதுவும் இல்லை.

பழைய கிழங்கு கோடைக்குள் தீர்ந்துவிடும். புதுக்கிழங்கு ஆகஸ்டில்தான் கிடைக்கும். இடைப்பட்ட ஜூலை மாதத்துக்கு அவர்கள் மொழியில் 'முட்டைக்கோஸ் ஜூலை' என்றே பெயர். வேறு ஒன்றும் இல்லாமல் கீரையையும் கோஸையும் தின்று ஓட்டும் மாதம். ஜூலையின் கடைசி ஞாயிறையொட்டி முதல் புதுக்கிழங்கைத் தோண்டுவார்கள். அன்று ஊரே கொண்டாடும். நம் கணக்கில் அது ஆடி மாதம். நாம் ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் நேரத்தில் அவர்கள் தோண்டினார்கள். தைப்பொங்கலில் புது அரிசி பொங்குவதில் நமக்கு என்ன மகிழ்ச்சியோ, அதே மகிழ்ச்சி அவர்களுக்குப் புதுக்கிழங்கில். பசி மாதம் முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அந்தக் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள என்ன? வெண்ணெய் என்று நினைப்பீர்கள். அயர்லாந்தின் பசும்புல்லுக்கும் பாலுக்கும் குறைவே இல்லை. ஆனால் மாடு வைத்திருந்த சிறு விவசாயி வீட்டில் கிழங்குக்குத் துணை மோர்தான். மாடும் இல்லாத கூலிக்காரருக்கு உப்பு. வெண்ணெய் கடைந்தது அந்த வீட்டில்தான். ஆனால் அது சாப்பிட அல்ல, குத்தகை கட்ட.

இங்கே என் பழைய தொழில் குறுக்கிடுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வெண்ணெய் போய்ச் சேர்ந்த இடம் கார்க் நகரம். 1769இல் அங்குள்ள வணிகர்கள் ஒரு குழு அமைத்து வெண்ணெய்ச் சந்தையை ஒழுங்குபடுத்தினர். பிற்காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய வெண்ணெய்ச் சந்தை என்று அது பெயர் பெற்றது. விவசாயிகள் உப்பிட்ட வெண்ணெயை ஃபிர்கின் எனப்படும் சிறு மரப் பீப்பாயில் அடைத்து, குதிரை மேலும் வண்டியிலும் கொண்டுவருவார்கள். ஒரு பீப்பாய் ஏறக்குறைய 25 கிலோ. பரிசோதகர் நீண்ட துளைக்கருவியை உள்ளே விட்டு, அடியிலிருந்து மேல்வரை வெண்ணெயை எடுத்து முகர்ந்து பார்ப்பார். முதல் தரம், இரண்டாம் தரம் என்று பீப்பாயில் முத்திரை விழும். வங்கியில் நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசிப் பார்க்கும் காட்சிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. தரத்தில் அவ்வளவு நேர்மை. அந்த முத்திரையை நம்பி மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ஆஸ்திரேலியா வரை வாங்கினார்கள். வரப்போகும் வெண்ணெயை ஈடாகக் கொண்டு வணிகர்கள் விவசாயிக்கு முன்பணமும் கொடுத்தார்கள். அதாவது வெண்ணெய் கடைவதற்கு முன்பே அது வேறொருவருடையது.

வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று நம்மூரில் சொல்வோம். இவர்கள் வெண்ணெயைக் கடைந்து வைத்துவிட்டு மோருக்குக் கை நீட்டினார்கள்.

கிழங்கும் மோரும் உடம்புக்குப் போதுமான உணவுதான். கிழங்கு விளைந்த வரை இந்த ஏற்பாடு ஓடியது. 1845 செப்டம்பரில் ஒரு நோய் பரவியது. மண்ணுக்கு மேலே இலை கருகியது, மண்ணுக்குள் கிழங்கு அழுகியது. அடுத்த ஆண்டு ஏறக்குறைய முழு விளைச்சலும் போயிற்று. 1847இல் நோய் குறைந்தது. ஆனால் விதைக்கிழங்கையும் பசியில் தின்றுவிட்டிருந்ததால் நட்டதே கொஞ்சம்தான். 1852க்குள் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் இறந்தார்கள். அதே அளவுக்கு மேற்பட்டோர் கப்பலேறினார்கள்.

வெண்ணெய் என்ன ஆயிற்று? அது வழக்கம்போல் துறைமுகத்துக்குப் போயிற்று. 1847இன் முதல் ஒன்பது மாதங்களில் மட்டும் பிரிஸ்டல் நகருக்கு 56,557 ஃபிர்கின், லிவர்பூல் நகருக்கு 34,852 ஃபிர்கின் ஏற்றுமதியானது. குத்தகை கட்டாவிட்டால் வீட்டை இடித்து வெளியேற்றுவார்கள். கிழங்கு போனாலும் குத்தகைத் தேதி வராமல் இருக்குமா?

கணக்குப் பார்ப்பவன் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கக் கூடாது. அதே 1847இல் அயர்லாந்திலிருந்து வெளியே போன தானியத்தைவிட உள்ளே வந்த மக்காச்சோளம் அதிகம். ஆகவே உணவு முழுவதையும் கப்பலேற்றியதால்தான் பஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. சிக்கல் வேறு இடத்தில். கடைக்கு உணவு வந்தது. வாங்கக் காசு இல்லை. பஞ்சத்தில் கேள்வி உணவு இருக்கிறதா என்பது மட்டுமல்ல, அதைப் பெறும் வழி யாருக்கு இருக்கிறது என்பதும்தான் என்று அமர்த்தியா சென் 1981இல் எழுதிய நூலில் விளக்கினார். அயர்லாந்துக்கும் அது பொருந்தும்.

அந்தப் பஞ்ச நிவாரணத்தின் பேரேடு யார் கையில் இருந்தது தெரியுமா? லண்டன் கருவூலத்தின் உயர் அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன் கையில். சந்தை தானே சரிசெய்துகொள்ளும், அரசு அதிகம் தலையிடக் கூடாது என்று உறுதியாக நம்பியவர். இந்தப் பெயர் நமக்கு அந்நியமல்ல. 1859இல் அவர் சென்னை மாகாணத்தின் கவர்னராக வந்தார். சென்ட்ரல் ஸ்டேஷன் அருகே பீப்பிள்ஸ் பார்க்கை உருவாக்கியவர் அவரே. பழைய மூர் மார்க்கெட், வண்டலூருக்குப் போவதற்கு முன் இருந்த உயிரியல் பூங்கா, இன்றைய நேரு ஸ்டேடியம் எல்லாம் அந்த இடத்தில் எழுந்தவைதான். நம்மில் வயதானவர்கள் சிறு வயதில் சிங்கம் பார்க்கப் போனது அவர் போட்ட பூங்காவுக்கே. 1860இல் கல்கத்தா அரசு வருமான வரியைக் கொண்டுவந்தபோது, இந்த மக்களுக்கு அது ஏற்றதல்ல என்று பகிரங்கமாக எதிர்த்துப் பதவியையும் இழந்தார். ஒரே மனிதர். சென்னையில் வரி கட்டுபவரின் கஷ்டம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அயர்லாந்தில் பசித்தவர் கணக்குப் புத்தகத்தில் ஓர் எண்ணாக மட்டும் தெரிந்தாரோ என்னவோ.

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று யோசித்தபோது ஒரு பழைய ஞாபகம் வந்தது. 1980களில் நான் ஒரு கிராமக் கிளையில் எழுத்தராக இருந்தேன். அரசுத் திட்டத்தில் கறவை மாட்டுக்கு நிறையக் கடன் கொடுத்த காலம். மாடு உயிரோடு இருக்கிறதா, காதில் இன்ஷூரன்ஸ் வில்லை இருக்கிறதா என்று பார்த்துவர, ஒரு நாள் ஃபீல்டு ஆபீசரோடு நானும் போனேன். ஒரு வீட்டில் அந்த அம்மா எங்களை உட்காரவைத்து வரக்காப்பி கொடுத்தார். "பால் இல்லீங்க சார், காலையிலேயே சொசைட்டிக்கு ஊத்திட்டோம்" என்று கூச்சத்தோடு சொன்னார். திண்ணையில் இரண்டு குழந்தைகள். அவர்கள் டம்ளரிலும் அதே கருப்புக் காப்பிதான். அந்தக் கணக்கில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. கிளைக்குத் திரும்பி, 'கணக்கு முறையாக உள்ளது' என்று எழுதினேன். எழுதியது பொய்யல்ல. கடன் கொடுத்ததும் தவறல்ல. அந்த மாட்டால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் அந்த இரண்டு டம்ளரை எழுத என் பேரேட்டில் கட்டம் இல்லை. இன்று அந்தக் குழந்தைகளுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும்.

அயர்லாந்தின் நிலை மெல்ல மாறியது. நீண்ட போராட்டங்களுக்குப் பிறகு குத்தகைதாரர்கள் நிலத்தைத் தாமே வாங்குவதற்குச் சட்டங்கள் வந்தன. 1903ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றில் முக்கியமானது. அரசு கடன் கொடுக்க, விவசாயி தவணை கட்டி நிலத்துக்குச் சொந்தக்காரரானார். 1889இல் லிமரிக் மாவட்டத்தில் முதல் கூட்டுறவு வெண்ணெய் நிலையம் தொடங்கியது. ஹோரஸ் பிளங்கெட் என்பவரின் முயற்சியால் அது நாடெங்கும் பரவியது. கார்க் சந்தை 1924இல் மூடப்பட்டது. நிலம் தன்னுடையது, விலையில் தனக்கும் பங்கு என்றான பிறகு, கடைந்தவர் தன் தட்டிலும் ஒரு துண்டு வெண்ணெய் வைத்துக்கொள்ள முடிந்தது. மசித்த கிழங்கின் நடுவில் குழி செய்து வெண்ணெயை உருகவிட்டு, ஓரத்திலிருந்து எடுத்து அதில் தோய்த்துச் சாப்பிடும் பழக்கம் அங்கே இன்றும் உண்டு. 

சரி, செய்முறை கேட்டவர்களுக்காக மருமகள் சொன்னது இதோ. நான்கு பேருக்கு அரை கிலோ புதுக்கிழங்கு. தோலை உரிக்க வேண்டாம், தேய்த்துக் கழுவினால் போதும். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் ஒரு கொத்துப் புதினாவோடு போட்டு 15 முதல் 20 நிமிடம் வேகவையுங்கள். குக்கர் வேண்டாம், குழைந்துவிடும். கத்தி முனை சுலபமாக இறங்கினால் பதம். தண்ணீரை வடித்துவிட்டு, அதே பாத்திரத்தில் ஒரு நிமிடம் சூட்டில் ஈரம் போகவிடுங்கள். 50 கிராம் வெண்ணெயை முன்பே வெளியில் எடுத்துவைத்து இளகவிடுங்கள். அதில் பொடியாக நறுக்கிய புதினா, ஒரு பல் நசுக்கிய பூண்டு, சில துளி எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் மிளகுத் தூள், தேவையான உப்பு சேர்த்துக் குழையுங்கள். கிழங்கு சூடாக இருக்கும்போதே லேசாகப் பிளந்து இந்த வெண்ணெயில் புரட்டுங்கள். புதினாவுக்குப் பதில் கொத்துமல்லியும் நன்றாக இருக்கும். சப்பாத்திக்கு மட்டுமல்ல, தயிர் சாதத்துக்கும் சேரும் என்பது என் அனுபவம். கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் என்னைப்போல் அளவோடு சாப்பிடுங்கள்.

இன்னும் ஒன்று. நம் பிளாக்குகளுக்குக் காலையில் பால் கொண்டுவருபவரும், வேலைக்கு வரும் பெண்களும் அடுத்த பாட்லக் நாளில் பாத்திரம் கழுவும்போது மட்டும் உள்ளே வரவேண்டாம். பரிமாறும்போதே அவர்களுக்கும் ஒரு தட்டு வைப்போம். கமிட்டியில் இதை நான் எழுத்து மூலமாகவே கொடுத்திருக்கிறேன். கிழங்கு என் வீட்டுப் பொறுப்பு.