இறக்கையில் கொஞ்சம் பனி

ராயபுரத்துக்காரனுக்குப் பனி என்றால் ஃப்ரிட்ஜ் மேல்தட்டில் கட்டி நிற்குமே, அவ்வளவுதான் :-) அயர்னிங் செக்‌ஷன் ஆவியில் வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும், வசதியில்லாத குளிர்ப் பிரதேசங்களில் விமானத்தில் உறையும் பனியை ட்ரோன் வைத்து நீக்கலாம் என்று ஒரு யோசனை உலவுவதைக் கேட்டதும், இதன் பழைய கதையைத் தேடிப் படித்தேன்.

நம் நாட்டுக் கதை லே நகரில் ஆரம்பிக்கிறது. 1948 மே 24. ஏர் கமடோர் மெஹர் சிங், மேஜர் ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு ஒரு டகோட்டா விமானத்தை அங்கே இறக்கினார். பொறியாளர் சோனம் நோர்பு அவசரமாக அமைத்த ஓடுதளம். உயரம் 10,000 அடிக்கு மேல். விமானத்தில் பனி நீக்கும் கருவியும் இல்லை, கேபினில் காற்றழுத்த வசதியும் இல்லை! அவர் பிழைத்தார்.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பாகப் பனி படிந்தாலே இறக்கையின் தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம் என்கிறார்கள். அதனால்தான் புறப்படுமுன் சூடான கிளைக்கால் கலவையைப் பீய்ச்சிக் கழுவுகிறார்கள்.

1989 மார்ச் 10. கனடாவின் ட்ரைடன் என்ற சின்ன ஊர். ஏர் ஒன்டாரியோவின் ஃபோக்கர் எஃப்-28 விமானம் கொட்டும் பனியில் நிற்கிறது. அதன் துணை என்ஜின் பழுது. பெரிய என்ஜின்களை நிறுத்தினால் மறுபடி கிளப்ப அந்த ஊரில் கருவி இல்லை. ஓடும் என்ஜினோடு கலவை தெளிக்கக் கூடாது என்பது விதி. ஆக, தெளிக்காமலே கிளம்பினார்கள். 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். விசாரித்த நீதிபதி மொஷான்ஸ்கி, விமானியை மட்டும் குறை சொல்லாமல் மொத்த நிர்வாக முறையையும் கேள்வி கேட்டார்.

அங்கே ட்ரோன் இருந்திருந்தால்? வயலில் மருந்து அடிக்கும் ட்ரோன்களில் பல சுமப்பது சுமார் 10 லிட்டர். ஜெட் விமானத்துக்கோ நூற்றுக்கணக்கில் வேண்டும். அதோடு, ஓடும் என்ஜின் அருகே ட்ரோனும் தெளிக்க முடியாதே. சிறிய விமானங்களுக்கு வேண்டுமானால் சரிப்படலாம். என்னைக் கேட்டால் தெளிப்பதைவிடப் பார்ப்பதற்குத்தான் அது உபயோகம். அன்று பயணிகளாக வந்த விமானிகளே இறக்கையில் பனியைக் கண்டும் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். மேலே பறந்து படம் பிடித்து நேரே காக்பிட்டில் காட்டியிருந்தால்...

லே பக்கம் யாராவது இதைச் செய்து பார்த்தால் எனக்கும் சொல்லுங்கள்.