குன்னூரும் கிண்டியும்: குடிநீர் உணவாக அறியப்பட்ட வரலாறு

ஊட்டச்சத்துப் பாடநூல்கள் தண்ணீருக்கு ஓர் இயலும் தாது உப்புகளுக்கு வேறோர் இயலும் ஒதுக்குவது வழக்கம். மனித உடல் எடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு தண்ணீர் என்பதும், அது சத்துகளைக் கரைத்துச் சுமப்பதும் கழிவை வெளியேற்றுவதும் வெப்பத்தைச் சமன்செய்வதும் முதல் இயலில் கூறப்படும். எலும்புக்குக் கால்சியம், இரத்தத்துக்கு இரும்பு, தைராய்டு சுரப்பிக்கு அயோடின் என்பன அடுத்ததில் வரும். இப்பிரிவு கற்பதற்கு வசதியானதுதான். ஆனால் பாறையிலும் மண்ணிலும் ஊறிவரும் நீர் அங்குள்ள தாதுக்களை ஏற்றுக்கொண்டே குடத்தை வந்தடைகிறது என்பதால், நோய்களின் வரலாற்றில் இவ்விரண்டும் பிரிந்து நின்றதில்லை. இந்திய மருத்துவ ஆய்வு இதை அறிந்துகொண்ட வரலாற்றில் பழைய சென்னை மாகாணத்தின் இரண்டு நிலையங்களுக்கு, குன்னூருக்கும் கிண்டிக்கும், பெரும்பங்கு உண்டு.

அவ்வரலாற்றின் தொடக்கம் தமிழகத்துக்கு வெகுதொலைவில், இமயத்தின் வடமேற்கு எல்லையிலுள்ள கில்கித்தில் அமைந்தது. இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்த ராபர்ட் மெக்காரிசன் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அங்கு மருத்துவராக இருந்தபோது, தைராய்டு சுரப்பி வீங்கிக் கழுத்தின் முன்புறம் புடைத்து நிற்கும் முன்கழுத்துக் கழலை ஊர் ஊராகப் பரவியிருப்பதைக் கண்டார். ஒரே நீரோட்டத்தைக் குடிநீராகக் கொண்ட ஊர்களில், மேலிருந்து கீழே செல்லச் செல்ல நோயாளிகளின் விகிதம் கூடியது. கழிவு கலக்கும் நீரில் ஏதோ ஓர் உயிர் இருக்கிறது என்று முடிவுசெய்த அவர், அந்நீரை வடிகட்டிப் பிரித்த வண்டலைத் தாமே உட்கொண்டதோடு, முன்வந்த சிலருக்கும் கொடுத்து, அவர்களுட் சிலருடைய கழுத்தில் வீக்கம் தோன்றியதையும் பதிவுசெய்தார்.

துணிச்சலும் ஒழுங்கும் நிறைந்த ஆய்வு என்பதில் ஐயமில்லை; தேடிய திசைதான் பிசகியது. தைராய்டு சுரப்பியில் அயோடின் இருப்பதை 1895இலேயே பௌமன் என்ற ஜெர்மானிய வேதியியலர் கண்டறிந்திருந்தார். பனியாறுகளும் மழையும் பன்னெடுங்காலம் அரித்துச் சென்ற மலைநாட்டு மண்ணில் அயோடின் மிகக் குறைவு என்பதால், அங்கு விளையும் தானியத்திலும் அங்கு ஊறும் நீரிலும் அது போதிய அளவில் இருப்பதில்லை. அசுத்தம் நோயைக் கூட்டக்கூடும் என்பதைப் பிற்கால ஆய்வு முற்றாக ஒதுக்கிவிடவில்லை எனினும், மெக்காரிசன் நீரில் இருந்ததைத் தேடிக்கொண்டிருந்தபோது, நோய்க்கு அடிப்படைக் காரணம் நீரில் இல்லாத ஒன்றாக இருந்தது. கிருமியியல் உச்சத்தில் இருந்த காலத்தில், நோய் என்றால் உடலுக்குள் ஏதோ புகுந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து விடுபடுவது எளிதாக இருக்கவில்லை.

அதே மெக்காரிசன்தான் பின்னர் 'இல்லாமை'யால் வரும் நோய்களின் ஆய்வாளராக மாறினார். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் பெரிபெரி நோய் குறித்த ஆய்வை அவர் தொடங்கினார். தீட்டிய அரிசியை மட்டும் நம்பி வாழ்வோருக்குத் தையமின் என்ற வைட்டமின் குறைவதால் நரம்பும் இதயமும் தளர்வதே அந்நோய். அவ்வறை 1928இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்களாக விரிந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிலையம் என்று அறியப்படுகிறது. மெக்காரிசனுக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். இவ்வகை அட்டவணைகள் காட்டிய உண்மைகளுள் ஒன்று, 100 கிராம் அரிசியில் சுமார் 10 மி.கி. கால்சியமே இருக்க, அதே எடையுள்ள கேழ்வரகில் 340 மி.கி. அளவுக்கு இருக்கிறது என்பது. இந்த எண்கள் பின்னர் மீண்டும் தேவைப்படும்.

கழலைக்கான விடையும் குன்னூரின் வழியாகவே வந்தது எனலாம். அங்கு ஆய்வாளராகத் தொடக்ககாலப் பணியாற்றிய வி. ராமலிங்கசுவாமி, 1956 முதல் இமயத்தின் காங்ரா பள்ளத்தாக்கில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நிலப்பரப்பை மூன்று வட்டாரங்களாகப் பிரித்து, இரண்டில் அயோடின் சேர்த்த உப்பும் ஒன்றில் சாதாரண உப்பும் வழங்கச்செய்த ஆய்வில் முதன்மைப் பங்காற்றினார். சில ஆண்டுகளில் முதல் இரண்டு வட்டாரங்களிலும் கழலை வெகுவாகக் குறைய, மூன்றாவதில் நோய் இருந்தபடியே இருந்தது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. தண்ணீர் தராததை உப்பு ஈடுசெய்தது.

மிகையால் வரும் நோயின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அமெரிக்காவின் கொலராடோவில் பல்லில் பழுப்புக் கறை படிந்த மக்களை ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் 1901 முதல் கவனித்துவந்தார். குடிநீரில் கரைந்த ஃபுளோரைடு என்ற தாதுப்பொருளே அக்கறைக்குக் காரணம் என்பது 1931இல்தான் தெளிவானது. சில ஆண்டுகளே கழிந்த நிலையில், 1937இல், கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட்டும் அவருடன் பணியாற்றியோரும், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் இதைவிடக் கொடிய நிலையை விவரித்தனர். சிறுவர்களின் பல் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளிறிப் பின் பழுப்பேறியது. பல ஆண்டுகள் அதே கிணற்று நீரைக் குடித்து நடுவயதை எட்டியவர்களுக்கு முதுகெலும்பு குனிய முடியாதபடி விறைத்து, மூட்டுகள் அசைவிழந்து, தண்டுவட நரம்புகள் நெருக்குண்டு கால்கள் செயலிழக்கும் நிலையும் வந்தது. எலும்பின் படிகங்களில் ஹைட்ராக்சில் என்ற பகுதி இருக்கவேண்டிய இடத்தை ஃபுளோரைடு பிடித்துக்கொள்வதால் எலும்பு அடர்த்தி கூடியும் உறுதி குன்றியும் போகிறது. தசைநார்களிலும் கால்சியம் படிந்து இறுகுகிறது. இந்நோய் ஃபுளோரோசிஸ் எனப்படுகிறது.

இதைத் தொடர்ந்து, அதே கிங் நிலையத்தில் சி. ஜி. பண்டிட்டும் அவருடைய குழுவினரும் 1940இல் வெளியிட்ட ஆய்வு, உரிய கவனம் பெறாத ஒன்று. நீரின் ஃபுளோரைடு அளவு மட்டும் நோயின் கடுமையை விளக்கவில்லை என்றும், வறுமையும் குறையுணவும் உள்ள இடத்தில் எலும்புப் பாதிப்பு மிகுந்திருந்தது என்றும் அது காட்டியது. குடலில் போதிய கால்சியம் இருந்தால் அது ஃபுளோரைடைப் பற்றிக் கரையாத உப்பாக்கி வெளியேற்றிவிடும் என்பது இதற்கான விளக்கங்களுள் ஒன்று. ஒரே கிணற்றில் நீர் இறைத்த இரு வீடுகளில், பாலும் சிறுதானியமும் உண்ட வீட்டைவிட, சோற்றை மட்டும் உண்ட வீடு அதிக இடருக்கு உள்ளானது என்பதே இதன் பொருள். நீரைப் பொறியாளரிடமும் உணவை மருத்துவரிடமும் பிரித்து ஒப்படைத்த பிற்கால நிருவாகம் இந்த முடிவைப் பெரும்பாலும் மறந்துவிட்டது.

விடுதலைக்குப் பிறகு ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதால் இச்சிக்கல் விரிந்தது. கிருமியற்ற நீரைத் தந்து வாந்திபேதியைக் குறைத்த அதே கிணறுகள், ஃபுளோரைடுள்ள கருங்கல் பாறைகளுக்கிடையே நெடுங்காலம் தங்கிய நீரையும் மேலே கொண்டுவந்தன; நீரில் கால்சியம் குறைவாக இருக்கும் இடங்களில் ஃபுளோரைடு இன்னும் எளிதாகக் கரைகிறது. இந்தியத் தரக்கட்டுப்பாட்டு விதி, குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 1.5 மி.கி. வரை பொறுக்கலாம் என்றும் கூறுகிறது. படிகாரமும் சுண்ணாம்பும் இட்டு ஃபுளோரைடைப் படியவைக்கும் முறையை நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிலையம் 1970களில் உருவாக்கியது. நோய் மிகுந்திருந்த நல்கொண்டா மாவட்டத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. அன்றாடம் மருந்தளவு பார்த்து இட ஆளில்லாத சிற்றூர்களில் இத்தகைய முறைகள் நிலைப்பது கடினம். எனவே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஆற்றுநீரையே கொண்டுவரும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டு, ஜப்பானியக் கடனுதவியுடன் காவிரி நீரை வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013இல் செயற்பாட்டுக்கு வந்தது.

குழாய்நீர் வந்தபின் பிறந்த குழந்தையின் பல்லைக் காக்க அதனால் இயலும்; முன்பே இறுகிப்போன முதுகெலும்பை அது இளக்காது. பண்டிட்டின் ஆய்வு சுட்டிய மற்றப் பாதியான உணவோ இன்னும் வேறு கணக்கேட்டில்தான் இருக்கிறது. கேழ்வரகு விளையும் இவ்விரு மாவட்டங்களிலும் ரேஷன் அரிசி அன்றாட உணவில் பேரிடம் பிடித்துவிட்டது. 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் ஏற்பாடு தொடங்கியபோது, அதற்குக் கூறப்பட்ட காரணங்கள் சிறுதானிய ஊக்குவிப்பும் பொதுவான சத்துமே. குடிநீர்த் திட்டத்தோடு அது இணைத்துப் பேசப்படவில்லை.